சுக்ருவும் ஷுக்ரும்: உடைந்ததைச் சரிசெய்யச் சொன்ன ஒரு கண்டுபிடிப்பு

நபி (ஸல்) அவர்களிடம் தண்ணீர் அருந்தும் குவளை ஒன்று இருந்தது. மரத்தால் ஆன, அகலமான, நல்ல குவளை. ஒரு கட்டத்தில் அது பிளந்துவிட்டது. யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. பிளவு விட்ட இடத்தை வெள்ளியால் இணைத்து மீண்டும் பயன்படுத்தினார்கள். நபிகளாரின் மறைவுக்குப் பிறகு அந்தக் குவளை அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஆஸிம் அல் அஹ்வல் (ரஹ்) அதைக் கண்ணால் பார்த்ததாகவும் அதில் நீர் அருந்தியதாகவும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அந்த வெள்ளி இணைப்பைப் போட்டவர் நபிகளாரா, அனஸ் (ரலி) அவர்களா என்பதில் விரிவுரையாளர்களிடம் இரு கருத்துகள் உண்டு. ஆனால் ஒட்டுப்போட்ட குவளை ஒன்று நபியின் வீட்டுப் பொருளாக மதிக்கப்பட்டது என்பதில் இரு கருத்து இல்லை.

இப்போது நம் வீட்டுக்குள் பார்ப்போம். சார்ஜர் வயர் கழுத்தில் பிய்ந்தால் புது சார்ஜர். கத்தியின் பிடி ஆடினால் புதுக் கத்தி. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு உடைந்தால், அந்தத் துண்டு தனியாகக் கிடைப்பதில்லை. ஃபிரிட்ஜையே மாற்றலாமா என்று யோசிக்கிறோம். பொருள் கெட்டுப்போவது ஒரு மூலையில்தான். எறியப்படுவதோ முழுப் பொருளும்.

இந்த வழக்கத்தைக் கண்டு மனம் ஒப்பாத ஓர் இளம்பெண், அதற்கு விடைதேடி ஆறு ஆண்டுகள் உழைத்து, சிலிக்கோன் ரப்பரில் ஒரு புதிய பொருளையே உருவாக்கினார். அவர் முஸ்லிம் அல்லர், விஞ்ஞானியும் அல்லர். சிற்பக்கலை படித்தவர். ஆனால் அவருடைய கதையில் நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஞானம் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்வது நம் முன்னோர்களின் வழி.

சிலிக்கோன் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். கம்ப்யூட்டர் சிப்பில் இருப்பது சிலிக்கான். அது ஒரு தனிமம். குழந்தையின் பால் புட்டி நிப்பிள், கேக் அச்சு, செல்போன் கவர், குளியலறை ஓரத்தில் பூசும் பசை ஆகியவற்றில் இருப்பது சிலிக்கோன். அது சிலிக்கானிலிருந்து மனிதன் செய்த ரப்பர் வகை.

இதன் தொடக்கம் மணல். மணலில் சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிக் கிடக்கின்றன. மின் உலையில் கரியுடன் சேர்த்து மிகுந்த வெப்பத்தில் சூடாக்கி, சிலிக்கானைப் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு செம்பைத் துணையாக வைத்து, மெத்தில் குளோரைடு என்ற வாயுவுடன் அதை வினைபுரியச் செய்து, கிடைத்ததைத் தண்ணீருடன் சேர்க்கிறார்கள். அப்போது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலிகள் உருவாகின்றன. தஸ்பீஹ் மணிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சிலிக்கானிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

சாதாரண ரப்பரின் முதுகெலும்பு கார்பன். வெயிலும் காற்றும் பட்டால் அது நாளடைவில் வெடித்து, பொடிந்துபோகும். சிலிக்கோனின் முதுகெலும்போ மணலுக்கும் கண்ணாடிக்கும் உள்ள அதே சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு. ஆகவே வெப்பத்தைத் தாங்குவதில் அது கல்லைப் போல. வளைவதில் ரப்பரைப் போல. தண்ணீர் உள்ளே இறங்காது, மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு பிடி மணலுக்குள் இவ்வளவு குணங்களை அல்லாஹ் வைத்திருக்கிறான். அதைத் திறக்கும் சாவியை மனிதனின் அறிவிடம் கொடுத்திருக்கிறான்.

இந்தச் சாவி ஒரே நாளில் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பேராசிரியராக இருந்த ஃபிரெடெரிக் கிப்பிங் பல பத்தாண்டுகள் இத்துறையில் ஆய்வு செய்தார். சிலிக்கோன் என்ற பெயரே அவர் வைத்ததுதான். ஆனால் அவருடைய குடுவைகளில் அடிக்கடி மிஞ்சியது பிசுபிசுப்பான பசை. அவர் தேடியது தூய படிகங்களை. இந்தத் துறைக்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாகத் தெரியவில்லை என்று 1937இல் ஓர் உரையில் கூறினார். மூன்றே ஆண்டுகளில், 1940இல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோச்சோ மேலே சொன்ன செம்பு முறையைக் கண்டுபிடித்தார். 1943இல் டவ் கார்னிங் என்ற நிறுவனம் இதற்கென்றே தொடங்கப்பட்டது. அது உலகப் போர்க் காலம். உயரத்தில் பறக்கும் விமானங்களின் மின் இணைப்புகளை ஈரத்திலிருந்து காக்க சிலிக்கோன் பயன்பட்டது. 1969இல் நிலவில் நடந்தவர்களின் மேல்காலணிகளின் அடிப்பகுதி சிலிக்கோன் ரப்பரால் ஆனது. கிப்பிங் தேவையற்றது என்று கருதிய அந்தப் பசைதான் இன்று நம் அடுப்பங்கரை வரை வந்து நிற்கிறது.

மரத்தூளும் பசையும்

நாம் சொல்ல வந்த பெண்மணியின் பெயர் ஜேன் நீ குல்குவின்டி. அயர்லாந்து மொழிப் பெயர். நம் நாவுக்குச் சற்றுக் கடினம். ஜேன் என்றே அழைப்போம். அயர்லாந்தின் கில்கென்னி பகுதியில் ஒரு விவசாயப் பண்ணையில் வளர்ந்தவர். பண்ணை வீடுகளில் எதுவும் எளிதில் குப்பைக்குப் போகாது. வேலியும் வண்டியும் பழுதானால் கையில் கிடைத்ததைக் கொண்டு அங்கேயே சரிசெய்வார்கள்.

டப்ளினில் சிற்பக்கலை பயின்ற ஜேன், பிறகு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பொருள் வடிவமைப்பு முதுகலையில் சேர்ந்தார். அங்கே மற்ற மாணவர்கள் புதுப்புது நாற்காலிகளும் விளக்குகளும் வடிவமைத்தபோது, உலகத்தில் ஏற்கெனவே இவ்வளவு பொருள் இருக்க இன்னும் ஒன்றைச் சேர்ப்பது எதற்கு என்ற கேள்வி அவரை உறுத்தியது.

2003ஆம் ஆண்டு. குளியலறை விளிம்பை அடைக்கும் சிலிக்கோன் பசையையும் மரத்தூளையும் சும்மா கலந்து பார்த்தார். உருட்டி வைத்த உருண்டைகள் காய்ந்தபின் பார்வைக்கு மரம்போல இருந்தன. கீழே போட்டால் பந்துபோலத் துள்ளின. அழகான விந்தைதான், ஆனால் இதனால் என்ன பயன்? அதற்கு அவரிடமே பதில் இல்லை.

பதில் அவர் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. மீதமிருந்த கலவையைக் கொண்டு கத்தியின் பிடியைக் கைக்குப் பொருந்தும்படி திருத்தினார். கழுவுதொட்டியின் அடைப்பான் சிறிதாக இருந்தது; அதைச் சுற்றிப் பூசிப் பெரிதாக்கினார். செய்தபிறகுதான் உறைத்தது: களிமண்போல யாரும் பிசையக்கூடிய, எதிலும் ஒட்டக்கூடிய, பிறகு ரப்பராக இறுகிவிடக்கூடிய ஒரு பொருள் இருந்தால், மக்கள் தம் வீட்டுப் பொருள்களைத் தாமே சரிசெய்துகொள்ள முடியுமே! புதிய பொருள்களை வாங்கிக் குவிப்பதைவிட, கையில் இருப்பவற்றை மேம்படுத்துவதே தம் விருப்பம் என்று பின்னாளில் அவர் சொல்லி வந்தார்.

மூன்று எதிரெதிர் குணங்கள்

சொல்ல எளிது. செய்வதுதான் கடினம். ஏன் என்று சற்று விளக்க வேண்டும்.

குளியலறைப் பசையைக் குழாயிலிருந்து பிதுக்கினால் வினிகர் வாசனை வருவதை நாம் கவனித்திருப்போம். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அந்தப் பசைக்குள் வேதிவினை தொடங்கி, சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. அப்போது வெளியேறும் அசிட்டிக் அமிலம்தான் அந்த வாசனை. அந்தப் பசை கையில் பிசுபிசுவென்று ஒட்டும். களிமண்போல வடிவம் கொடுக்க இயலாது.

ஜேன் விரும்பிய பொருளுக்கு மூன்று குணங்கள் வேண்டும். முதலாவது, பிசையும்போது கையில் ஒட்டக் கூடாது, ஆனால் பொருளில் ஒட்ட வேண்டும். சிலிக்கோனோ இயல்பில் எதிலும் ஒட்டாதது. அதனால்தான் கேக் அச்சு செய்ய அதைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது, அடுப்போ எந்திரமோ இல்லாமல் வீட்டு வெப்பத்திலேயே இறுக வேண்டும். மூன்றாவது, பொட்டலத்துக்குள் மாதக்கணக்கில் இறுகாமல் இருக்க வேண்டும், பிரித்த பிறகு விரைவாக இறுக வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெட்டது.

ஜேனுக்கு வேதியியல் தெரியாது. எனவே தெரிந்தவர்களைத் தேடிப் போனார். சிலிக்கோன் தொழிலில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றிருந்த அறிவியலாளர்கள் அவருக்கு வழிகாட்ட முன்வந்தார்கள். சிறு உதவித்தொகை கிடைத்தது. சிற்பக்கலை மாணவி ஆய்வகக் கோட்டை அணிந்துகொண்டு, கலவைகளை மாற்றி மாற்றிக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். ஒன்றிரண்டு மாதமல்ல, ஆண்டுக்கணக்கில்.

பெரிய நிறுவனங்கள் இதை வாங்கித் தயாரிக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பணம் தீர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் தோழி ஒருவர் சொன்ன அறிவுரை, சிறிதாகத் தொடங்கு, ஆனால் நன்றாகச் செய் என்பது. தொடர்ந்து செய்யப்படும் அமல் சிறிதாக இருந்தாலும் அல்லாஹ்வுக்கு அதுவே விருப்பமானது என்ற நபிமொழியை அறிந்த நமக்கு இந்த அறிவுரை அந்நியமாகத் தோன்றாது.

2009 டிசம்பரில் லண்டனின் ஹேக்னி பகுதியில் இருந்த அவர்களுடைய சிறு பட்டறையிலிருந்து முதல் 1000 பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன. ஆறு மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. அடுத்த ஆண்டு டைம் இதழ் வெளியிட்ட 50 சிறந்த கண்டுபிடிப்புகளின் பட்டியலில் அது இடம்பெற்றது. அதே பட்டியலில் ஆப்பிளின் ஐபேட் அதற்குப் பின்னால்தான் இருந்தது. 2018இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வழங்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்களுக்கான பிரிவில், ஜேனுக்குக் கிடைத்தது.

கதையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2015இல் பொதுமக்களிடம் சிறுசிறு தொகையாக முதலீடு திரட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பங்கு வாங்கினார்கள். விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. 2018இல் ஜெர்மனியின் டேசா நிறுவனம் இதை வாங்கியபோது, அந்த முதலீட்டாளர்கள் பலருக்குப் போட்ட பணம் முழுவதும் திரும்ப வரவில்லை. நல்ல எண்ணமும் நல்ல பொருளும் இருந்தாலும் வியாபாரத்தில் இழப்பு வரலாம். கூட்டு வியாபாரத்தில் இலாபத்தைப் போலவே நட்டத்திலும் பங்கு உண்டு என்று நம் ஃபிக்ஹ் நூல்கள் சொல்வதும் இதை முன்வைத்துத்தான். பங்கு வாங்கும் முன் நம் குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பெயரில் ஒரு செய்தி

அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் சுக்ரு. அயர்லாந்து மொழியில் விளையாட்டு என்று பொருள் தரும் சொல்லிலிருந்து எடுத்தது. அரபியின் ஷுக்ர், அதாவது நன்றி, என்பதற்கும் இதற்கும் மொழியளவில் எந்த உறவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் நம் காதில் விழுவது ஷுக்ர்தான். விழுவதில் தவறும் இல்லை.

ஷுக்ர் என்பதை அல்ஹம்து லில்லாஹ் என்று நாவால் சொல்வதோடு முடித்துக்கொள்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஷுக்ரை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: இந்த அருள் யாரிடமிருந்து வந்தது என்ற அறிவு, அதனால் உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி, அந்த அருளைக் கொடுத்தவன் விரும்பும் வழியில் பயன்படுத்தும் செயல். மூன்றாவது இல்லாமல் ஷுக்ர் நிறைவடைவதில்லை. அப்படியானால், இன்னும் பத்து ஆண்டு உழைக்கக்கூடிய பொருளை ஒரு சின்ன உடைப்புக்காகக் குப்பையில் போடுவது எந்தக் கணக்கில் சேரும்?

திருக்குர்ஆனின் 34ஆவது அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. இறைவன் அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்ததையும், அதைக் கொண்டு போர்க் கவசங்கள் செய்யப் பணித்ததையும் 10, 11ஆம் வசனங்கள் கூறுகின்றன. சற்றுத் தள்ளி 13ஆம் வசனத்தில், தாவூதின் குடும்பத்தார் நன்றி செலுத்தும் விதமாகச் செயலாற்ற வேண்டும் என்று கட்டளை வருகிறது. கடினமான ஒரு பொருளை மிருதுவாக்கித் தந்தது அருள். அதைக் கையால் வடிவமைத்தது உழைப்பு. அந்த உழைப்பே நன்றியாகிறது. நன்றி அங்கே சொல்லாக மட்டும் கேட்கப்படவில்லை, செயலாகக் கேட்கப்படுகிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், நபிகளார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டது. தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே சீர்செய்வார்கள் என்று அன்னை சொன்ன பதில் முஸ்னது அஹ்மதில் பதிவாகியுள்ளது. அரசர்களுக்குத் தூது அனுப்பிய கைகள் அவை. செருப்பு தைப்பது அந்தக் கைகளுக்குக் குறைவாகத் தெரியவில்லை. ஒட்டுப்போட்ட பொருள் வீட்டில் இருந்தால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்களோ என்று நமக்கு ஏன் கூச்சம்?

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது

சுக்ருவைப் பொட்டலத்திலிருந்து பிரித்த 30 நிமிடத்துக்குள் வடிவம் கொடுத்துவிட வேண்டும். சுமார் 24 மணி நேரத்தில் அது காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக இறுகும். கனமாகப் பூசினால் இன்னும் நேரமாகும். இறுகிய பிறகு கடுங்குளிரையும் 180 டிகிரி வரை வெப்பத்தையும் தாங்கும். செல்போன் சார்ஜர் வயரின் கழுத்து, காலணியின் ஓரம், பெட்டியின் கைப்பிடி, குழந்தை கீழே போடும் சாதனத்தின் முனைகள் போன்றவற்றுக்கு மக்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு பயனைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டு வாதத்தால் விரல் மடங்காத முதியவர்களுக்குச் சாவியைத் திருப்புவது, கைத்தடியைப் பிடிப்பது, பேனாவைப் பற்றுவது எல்லாம் பெரும்பாடு. அவர்களுடைய கைக்கு ஏற்றபடி பிடியைத் தடிமனாக்கிக் கொடுத்தால், பிறரைக் கூப்பிடாமல் தாமே செய்துகொள்வார்கள். பெற்றோருக்கு நாம் செய்யும் பணிவிடையில் அவர்களுடைய கண்ணியத்தைக் காப்பதும் சேரும். வாப்பாவின் கைத்தடியைப் பிடித்துப் பார்த்து, எந்த இடத்தில் வழுக்குகிறது என்று கேட்கும் மகன் செய்வது பணிவிடைதான்.

எச்சரிக்கைகளும் உண்டு. வீட்டு மின்சாரம் ஓடும் வயர் பிய்ந்திருந்தால் எதைக் கொண்டும் ஒட்ட வேண்டாம். எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றுங்கள். கேஸ் டியூபிலும் குக்கரின் பாதுகாப்பு வால்விலும் இந்த வேலையே கூடாது. உணவு நேரடியாகப் படும் இடத்துக்கும் சுக்ரு தயாரிக்கப்படவில்லை. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் போன்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்குகளில் அது சரியாக ஒட்டாது. சிக்கனம் உயிருக்கு ஆபத்தாக முடிந்தால் அது சிக்கனமே அல்ல.

சிலிக்கோன் மண்ணில் மக்கிப்போகாது என்பதையும் மறக்க வேண்டாம். உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. ஆகவே அழகாக இருக்கிறதே என்று வண்ண வண்ண சிலிக்கோன் பொருள்களை வாங்கி அடுக்குவது, பழைய வீண்விரயத்துக்குப் புதிய உடை போடுவதாகும். ஒரு பொருளின் ஆயுளை நீட்டினால்தான் அதற்கு மதிப்பு. சுக்ரு கிடைக்கவில்லையென்றாலும் குறையில்லை. ஊசி நூல், திருகாணி, சைக்கிள் டியூப் துண்டு எல்லாம் அதே வேலையைத்தான் செய்து வந்தன.

மார்க்கச் சட்டப் பார்வையில் சில குறிப்புகள்

நம் குடும்பங்களில் எழக்கூடிய கேள்விகள் சிலவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்வோம்.

உளூ, குளிப்பு: சிலிக்கோன் தண்ணீரை உள்ளே விடாது. பசையோ சுக்ருவோ விரலிலும் நகத்திலும் ஒட்டி இறுகிவிட்டால் அதன் அடியில் நீர் சேராது. கழுவ வேண்டிய உறுப்பில் நீர் சேர்வது கட்டாயம் என்பதால், உளூவுக்கு முன் அதை அகற்ற வேண்டும். இறுகுவதற்கு முன்பே உலர்ந்த துணியால் அல்லது காகிதத்தால் துடைத்து, பிறகு சோப்பால் கழுவினால் எளிதில் போய்விடும். குளியலறைப் பசை பூசும் தொழிலாளிகள் கையுறை அணிவது நல்லது. அகற்றினால் தோல் காயமாகும் நிலை ஏற்பட்டால், ஊர் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லிக் கேட்டு நடந்துகொள்ளவும்.

ஹலால்: சிலிக்கோன் ரப்பரின் மூலப்பொருள் சிலிக்கான். அது மணலிலிருந்து வருவது. விலங்குக் கொழுப்பிலிருந்து செய்யப்படுவதல்ல. பால் புட்டி நிப்பிளும் கேக் அச்சும் சிலிக்கோன் என்பதற்காக ஐயப்பட வேண்டியதில்லை.

ஒட்டுப்போட்ட பாத்திரம்: வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதும் பருகுவதும் தடுக்கப்பட்டது. ஆனால் உடைந்த பாத்திரத்தைத் தேவைக்காகச் சிறிதளவு வெள்ளியால் இணைப்பதை ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் அனுமதிக்கின்றன. தொடக்கத்தில் கண்ட குவளையின் ஹதீஸ் இந்தச் சட்டத்தின் ஆதாரங்களில் ஒன்று. மத்ரஸாவில் ஓதும் காலத்தில் இந்தப் பாடத்தை நாம் வெள்ளியின் அளவைப் பற்றிய சட்டமாக மட்டுமே மனனம் செய்தோம். வெள்ளி விலக்கப்பட்டிருக்கும் இடத்திலும் பழுதுபார்ப்பதற்காக ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் நம் மனதில் உறைத்தது.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது

ஓதி முடித்த பிறகு நாம் கலைக் கல்லூரியில் சேர்ந்தபோது பலர் கேட்டது ஒரே கேள்விதான்: இது எதற்கு உதவும்? இன்றும் மகளோ மகனோ ஓவியம், வடிவமைப்பு, கைவினை என்று வாய் திறந்தால் வீட்டில் அதே கேள்வி எழுகிறது. மருத்துவமும் பொறியியலும் சமுதாயத்துக்குத் தேவைதான். ஆனால் ஜேனின் வாழ்க்கையைப் பாருங்கள். வேதியியலாளர்களிடம் சிலிக்கோன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. அதைக் களிமண்போல எல்லார் கையிலும் கொடுக்கலாமே என்று தோன்றியது, களிமண்ணைக் கையால் அறிந்த ஒரு சிற்பக்கலை மாணவிக்குத்தான்.

இன்னொன்றையும் பிள்ளைகள் அறிய வேண்டும். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்க அவர் வெட்கப்படவில்லை. அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேட்க வேண்டும் என்று திருமறை (16:43) நமக்கு வழிகாட்டியிருக்கிறது. கேட்டுக் கற்று, தோற்று, மறுபடி முயன்று ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்தார். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் எல்லாம் முடிந்தது என்று உடைந்துபோகும் நம் பிள்ளைகளிடம், இரவு உணவின்போது இந்தக் கதையைச் சொல்லலாம்.

இந்த வாரம் ஒரு பொருள்

கட்டுரையைப் படித்து முடித்ததோடு நின்றுவிட வேண்டாம். பரணிலோ மூலையிலோ கிடக்கும் உடைந்த பொருள் ஒன்றை இந்த வாரம் எடுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, ஏன் உடைந்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று சேர்ந்து யோசியுங்கள். சரிசெய்ய முடிந்தால் பயன்படுத்துங்கள். உங்களுக்குத் தேவையில்லையென்றால், சரிசெய்த பிறகு தேவையுள்ளவருக்குக் கொடுங்கள். உடைந்ததை அப்படியே தருமம் என்று தள்ளிவிடாதீர்கள். முடியவில்லையென்றாலும், முயன்று பார்த்தோம் என்ற நினைவு பிள்ளைகளின் மனதில் தங்கும்.

வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் வரிசையில் திருமறை (17:27) நிறுத்துவதை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த வரிசையிலிருந்து வெளியேறும் வழி சில நேரம் ஓர் ஊசியிலும் நூலிலும், இறுகும் ஒரு துளி ரப்பரிலும்கூட இருக்கிறது.

நமக்கு அளிக்கப்பட்ட பொருள்கள் அனைத்தையும் அமானிதமாகக் கருதி, அவற்றின் மூலம் பயன்பெற்று, பிறருக்கும் பயனளித்து, சொல்லாலும் செயலாலும் ஷுக்ர் செய்யும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.